பாலை மரத்தடியில் திறந்திருந்த கதவு

காரின் பின் கதவு திறந்தே கிடந்ததாம். அதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். வேறு யாரும் சொல்லி நீங்கள் வேறுவிதமாக விளங்கிக்கொள்ளக் கூடாது. கார் தெருவோரத்தில், பாலை மரத்துக்குக் கீழே, ஒழுங்காகத்தான் நின்றது. சவிரிமுத்து அவர்கள் ஓட்டுகிற இடத்தில் இருந்தபடியே போய்விட்டார். இருதயம் என்று டாக்குத்தர் சொன்னார். புளியங்குளத்திலிருந்து வந்த காலை பஸ்காரர்தான் கண்டு, நெடுங்கேணிக்கு வந்து சொன்னார். நான் அப்போது பிள்ளையாருக்கு விளக்கு வைத்துத் திரியைத் தூண்டிக்கொண்டு நின்றேன்.

"ஆள் போயிட்டார் அம்மா. ஆனா பின் கதவு ஏன் திறந்திருந்தது எண்டுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை" என்றார் கொண்டக்டர்.

எனக்கு விளங்கியது. கையில் இருந்த எண்ணெய்ச் சிரட்டை நழுவி விழுந்துவிட்டது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி திரேசம்மா கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன எழுத வரும் என்றேன். "கதைக்கிற மாதிரி எழுதுங்கோ அக்கா. நீங்கள் கதைச்சால் அவர் கார் எடுக்க மறந்துபோய் நிண்டெல்லே கேப்பார்" என்றார். அழுதுகொண்டே சிரித்தோம்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த, மாதாவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுக்கும் என்று கடலை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்து வாடகைக் கார் ஓட்டினார். "கரையாற்ற பிள்ளை றோட்டில வலை போடுறன் அக்கா. ஆக்கள்தான் பிடிபடினம்" என்பார். எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளித்தான் அவருடைய வீடு. மாரி மழையில் அவருடைய ஒழுங்கையில் சேறு நிற்கும். அதனால் காரை எங்கள் புளியமரத்தின் கீழ் விடுவார். என்னை விட நாலைந்து வயது இளையவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார்.

அந்தக் கறுப்புக் காரைக் கொழும்பில் யாரோ ஓடித் தேய்த்த பிறகு வாங்கினார். அது வந்த அன்று என்னையும் கூப்பிட்டுப் பொனெற்றைத் திறந்து காட்டினார். "பழைய காரில கிளச்சுக்குக் கம்பி அக்கா. மிதிச்சால் கம்பி இழுக்கும். இது புது மாதிரி. எண்ணெய்தான் தள்ளும்" என்று ஒரு சின்னத் தகரக் குப்பியைத் தொட்டார். கிளச் என்பது எஞ்சினையும் சில்லையும் ஒரு கணம் பிரித்துவிடுகிற சாமான், அது இல்லாமல் கியர் மாற்றவும் ஏலாது, நின்ற காரை எடுக்கவும் ஏலாது என்று சொல்லித் தந்தார். நான் கேட்டது ஒன்று, விளங்கியது ஒன்று. எண்ணெயில் ஓடும் கார் என்று மட்டும் மனதில் பதிந்தது.

இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கிளச் கசியத் தொடங்கியது. மிதி தளர்ந்து இறங்கும். மூன்று தரம் மிதித்தால்தான் கியர் விழும். டொக், டொக், டொக் என்று ஒழுங்கையில் சத்தம் கேட்டால் தம்பி புறப்படுகிறார் என்று அர்த்தம். "மூண்டு தரம் கெஞ்சினால்தான் இவள் எழும்புவாள்" என்று கேலி செய்வார். கசிந்ததை நிரப்ப வவுனியாவிலிருந்து ஒரு தகரத்தில் கிளச் எண்ணெய் வாங்கி, புளியமரத்தடியில் ஒரு கல்லின் மேல் வைத்திருப்பார்.

இனிச் சொல்லப்போவதை எட்டு வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளையாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் முற்றம் கூட்டும்போது என் தும்புத்தடி பட்டு அந்தத் தகரம் சரிந்துவிட்டது. முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. அவ்வளவு தூரம் போய் வாங்கி வந்த சாமான். வெட்கமாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஆமணக்கெண்ணெய் போல ஒரு மணம். எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்தேன். விளக்கீட்டுக்கு வைத்திருந்த இலுப்பெண்ணெயை அந்தத் தகரத்தில் வார்த்து, பழைய இடத்தில் வைத்தேன். சுவாமிக்கு வைத்த எண்ணெய் காருக்கும் நல்லதுதான் செய்யும் என்று ஒரு கும்பிடும் போட்டேன்.

அவர் அதிலிருந்துதான் நிரப்பினார்.

மார்கழியில், திருவெம்பாவை நாட்களில், என் மகள் பூமணிக்கு நோவு கண்டது. தலைப்பிள்ளை. மருமகன் ஆனையிறவில் உப்பளத்தில் வேலை. வந்து பார்த்த மருத்துவிச்சி, "பிள்ளை குறுக்கால கிடக்கு. வவுனியாவுக்குக் கொண்டு ஓடுங்கோ" என்று கையை விரித்துவிட்டார். பகல் இரண்டு மணி இருக்கும், மழையில் வானம் கறுத்துப்போய் இருந்தது. தம்பி உடனே வந்தார். பூமணியைப் பின்னால் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டொக், டொக், டொக். அன்று மூன்று தரம் போதவில்லை. எட்டு, ஒன்பது தரம் மிதித்தார்.

நெடுங்கேணிக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் காடு தொடங்கியதும் மிதி கீழே போனது. திரும்பி வரவில்லை. குனிந்து கையால் இழுத்தார். காலை அதன் கீழ் கொடுத்து நெம்பினார். பிறகு நிமிர்ந்து சிலுவை போட்டார்.

"கிளச் செத்துப்போச்சு அக்கா. ஓடுற வரைக்கும் ஓடுவன். ஆனா இனி நிப்பாட்ட மாட்டன். இந்தச் சேத்தில நிண்டால் திரும்ப எடுக்க ஏலாது."

"மாடு வந்தால்?"

"மாடு விலகும். நீங்கள் உங்கட பிள்ளையாரைக் கூப்பிடுங்கோ, நான் என்ர மாதாவைக் கூப்பிடுறன். ஆர் கிட்ட நிக்கினமோ அவை வரட்டும்."

எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அது சரியாக இறங்கும் கணத்தில் கியரைத் தட்டினார். சில தரம் விழுந்தது, சில தரம் பல்லைக் கடித்தது போலக் கத்தியது. என் வாயில் தேவாரம் வரவில்லை. இலுப்பெண்ணெய், இலுப்பெண்ணெய் என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பாலை மரம். அதன் கீழ் ஒரு பெண் நின்றாள். தலைக்கு வாழையிலை ஒன்றைப் பிடித்திருந்தாள், தோளில் ஒரு குழந்தை. அதன் கால் துவண்டு தொங்கியது. காரைக் கண்டதும் இலையைப் போட்டுவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டி மறித்தாள். தெருவின் நடுவுக்கே வந்தாள். தம்பி ஹோர்ன் அடித்தபடி விலத்திக்கொண்டு போனார். அவளுடைய விரல்கள் கண்ணாடியில் தட்டி இழுபட்ட சத்தம் கேட்டது.

நாங்கள் வவுனியா போய்ச் சேர்ந்தோம். ஆசுப்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்துத்தான் காரை நிறுத்தினார். ஒரு மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். விறாந்தையிலிருந்து நான் பார்த்தபோது அவர் பொனெற்றுக்குள் குனிந்து நின்றார். குப்பிக்குள் விரலை விட்டு எடுத்து, மூக்கருகே பிடித்தார். மறுபடி ஒருதரம் முகர்ந்தார். பிறகு விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கிளச்சுக்குள்ள இருக்கிற றப்பர் பழசாப் போச்சு அக்கா. அதுதான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. றப்பர்தான் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தப் பிள்ளைக்காரியை நீங்களும் கண்டனீங்கள்தானே? குழந்தையோட?"

"இல்லைத் தம்பி. நான் ஒருத்தரையும் காணேல்லை" என்றேன்.

ஏன் சொன்னேன்? கண்டேன் என்றால் அவளை விட்டுவந்த பழி யாருடைய எண்ணெயில் விழும்?

அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பிப் போய்த் தேடினார். வாழையிலைகூடக் கிடக்கவில்லை. சந்தையில் விசாரித்தார், காடு வெட்டிச் செய்கிறவர்களிடம் விசாரித்தார். அப்படி ஒருத்தியை யாருக்கும் தெரியவில்லை. கார் திருத்திய பிறகு, அந்த மரத்தைக் கடக்கும் போதெல்லாம் நிறுத்துவார். இறங்கிப் பின் கதவைத் திறப்பார். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் நிற்பார். மூடிவிட்டுப் போவார். வெயிலென்றாலும் மழையென்றாலும் அதுதான்.

முல்லைத்தீவு உடுப்புக்கடை முஸ்லிம் முதலாளி ஒருமுறை எங்களோடு வந்தார். "ஆரை ஏத்துறீர் சவிரி? ஜின்னையா? எனக்குப் பக்கத்திலயா இருத்தப் போறீர்?" என்று பகிடி விட்டார்.

"இடம் இருக்குத்தானே முதலாளி. ஏறட்டும்" என்றார். முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒதுங்கி இடம்விட்டு இருந்தார்.

என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பார். என் முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார். விளக்கு மாடத்தைப் பார்த்தபடி, "அக்கா, நீங்கள் கண்டனீங்களோ?" என்பார். நான் இல்லை என்பேன். "அப்ப எனக்கு மட்டும்தான் தெரிஞ்சது" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்புவார். கடைசியாகக் கேட்டது போன தைப்பொங்கலுக்கு. அப்போதும் இல்லை என்றுதான் சொன்னேன். ஒரு மனிதரை எட்டு வருடம் ஒரு பேயோடு தனியே விட்டுவைத்தேன்.

செத்தவீடு முடிந்த கிழமை நான் பஸ்ஸில் போய்ப் பாலை மரத்தடியில் மணியை அடித்தேன். "இதில என்ன அம்மா இருக்கு?" என்று கொண்டக்டர் கத்தினார். "பொறு மோனை, ஒரு ஆள் ஏற இருக்கு" என்றேன். ஒரு தேவாரம் சொல்லி முடியும்வரை நிறுத்தி வைத்தேன். காற்றுத்தான் வந்தது. மரத்தின் கீழ் அவருடைய காரின் சில்லுத் தடம் இன்னும் அழியவில்லை.

தம்பி, நானும் கண்டனான். வாழையிலை, குழந்தையின் கால், அந்தக் கை, எல்லாம் கண்டனான். எண்ணெயை மாத்தி வார்த்ததும் நான்தான். உங்கட மாதாவிட்டயும் என்ர பிள்ளையாரிட்டயும் சொல்லிப்போட்டன். உங்களிட்டச் சொல்லத்தான் ஆள் இல்லை. போய் வாங்கோ.

இதை எழுதி மடித்துவிட்டு விளக்கு வைக்கப் போனேன். திரும்ப விரித்து எழுதுகிறேன். மாடத்தில் இருக்கும் போத்தலைத் தொட்டபோதுதான் நினைவு வந்தது. நாங்கள் ஆசுப்பத்திரியிலிருந்து வந்த கிழமை அவர் தந்த போத்தல் அது. நிறைய இலுப்பெண்ணெய். வேதக்கார வீட்டில் ஏது தம்பி இலுப்பெண்ணெய் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போத்தலை என் கையில் வைத்து, மெல்லத்தான் சொன்னார்.

"விளக்குக்கு மட்டும், அக்கா."