பிடியரிசிப் பானை

பக்கத்து வீட்டில் ரேஷன் அரிசி கொதிக்கிறது. நாலு ஊர் நெல் ஒன்றாய்க் கலந்த வாடை. ஒன்று குழைய, ஒன்று விறைக்க, கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து தீய்கிற வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கோ, சொன்னால் சிரிப்பீர்கள், கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. ஊருக்கெல்லாம் பக்தி மெழுகுவத்தியில் மணக்கும். எனக்கு வாய்த்தது கலப்பரிசி.

திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஒரு ஓட்டுக் கோயில், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வேதக்காரர் வீடுகள். பாதிரியார் ஆண்டுக்கு இரண்டொரு தடவை எட்டிப்பார்ப்பார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்ல, பாட்டெடுக்க, பிணத்துக்கு முன்னால் நடக்க உபதேசியார் ஒருவர்தான். அவர் வீட்டுச் சோறு எங்கள் பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். ஞாயிறு காலை அந்தப் பானைகள் பீடத்தின் முன் வரும். சம்பா, குறுவை, நொய் எல்லாம் ஒரே சாக்கில் விழுந்து, ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வீட்டுக்குப் போகும்.

அம்மா பிடியெடுப்பதைப் பார்க்க வேண்டும். புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். இடுப்பில் தம்பி, அடுப்பில் உலை, கையில் கர்த்தரின் பங்கு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தவறாமல் தூங்கிவிடுவேன். இந்த அடுப்படி ஆராதனையில் ஒருநாளும் தூங்கியதில்லை, பசி விடாது.

யுத்தம் வந்தது. பர்மாவிலிருந்து வந்த அரிசியும் நின்றது, செட்டியார் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. பாதி எழும்பிய சுவர்கள் அப்படியே நிற்க, கொத்தனாரான அப்பா வீட்டில் உட்கார்ந்தார். சபையில் பலருக்கும் அதே கதிதான். பானைகளில் அடிமட்டம் தெரிந்தது. பிடியரிசி நின்றால் உபதேசியார் தங்க முடியாது. அவர் போனால் கோயில் பூட்டிக்கிடக்கும். அம்மா தன் கஞ்சியைத் தண்ணீராக்கிக்கொண்டு பிடியெடுத்தாள்.

ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு சீக்கிரமே கோயிலுக்குப் போனாள். உபதேசியாரின் மனைவி, எங்களுக்கு உபதேசியாரம்மா, தனியே நின்று, சாக்கில் ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விழுந்தது கலப்பரிசி.

"என்னங்க இது? நாங்க குடுத்த அரிசியிலயே கோயிலுக்குப் பிடி எடுக்குறீகளா?"

"ஒலை வச்சா கை தானாப் போகுதுக்கா. எடுக்காமத் தின்னா சோறு எறங்க மாட்டேங்குது."

வீட்டில் இதைக் கேட்ட அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கோயில்லேருந்து வீட்டுக்கு, வீட்லேருந்து கோயிலுக்கு! அந்த அரிசி என்னைக்குத்தான் வேகப்போகுது?" சிரித்து ஓய்ந்தவர், "நாளைலேருந்து என் பங்குலயும் ஒரு பிடி எடு" என்றார்.

அப்படியும் தாக்குப்பிடிக்கவில்லை. உபதேசியாருக்குக் காவேரிப் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே நெல் விளைகிறதாம்.

இப்போது ஓட்டுக் கோயிலை இடித்துக் காங்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். காணிக்கை உறையில் போகிறது. பிடியரிசிப் பானை எந்த அடுப்படியிலும் இல்லை, அம்மாவும் இல்லை. மகளிடம் சொன்னால், "அந்தக் கலப்பரிசிய யாரு திம்பா?" என்கிறாள். தின்றவர்களைத்தான் எனக்குத் தெரியும், எப்படித் தின்றார்கள் என்று தெரியாது.

உபதேசியார் வீட்டார் ஊரைவிட்டுக் கிளம்பிய அந்தக் காலையில் அம்மா மாட்டுவண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி கண்மாய்க்கரை வரை கூடவே நடந்தாள்.

"நீங்க போயிட்டா ஞாயித்துக்கெழம யாரு பாட்டெடுப்பா? எனக்கு எழுத்தும் தெரியாது, ராகமும் தெரியாது."

உபதேசியாரம்மா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார்.

"தெரிஞ்சமட்டும் எடுங்கக்கா. ராகம் தப்புனா ஆண்டவரு ஒண்ணும் எந்திரிச்சுப் போயிற மாட்டாரு. வாரேன்."