கரண்ட் பில் கேட்ட கேசினோ

ஷார்ஜா தொழில்பேட்டையில் என் ரூமில் இருந்த வெல்டர் குமரிக் கடற்கரைக்காரன். இன்டர்நெட் கடைக்காரனிடம் ரொக்கம் கொடுத்தால் அவன் வெல்டரின் ஈ-வாலட்டில், அதாவது இணையப் பணப்பையில், ஏற்றிவிடுவான். அங்கிருந்து பணம் வெல்டர் சூதாடும் ஆன்லைன் கேசினோவுக்குப் போகும். போகும்போது யாரும் எதையும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வெல்டர் ஜெயித்தான். ஊரில் அம்மாவின் ஆபரேஷனுக்குப் போதுமான தொகை. அதை வாலட்டுக்குத் திருப்பச் சொன்னால், முகவரிச் சான்றாக அவன் பெயரில் கரண்ட் பில் வேண்டும் என்றது கேசினோ. பன்னிரண்டு பேர் படுக்கும் கேம்ப் ரூமுக்கு எவன் பெயரில் பில் வரும்? எங்கள் பாஸ்போர்ட்டே கம்பெனி அலமாரியில் கிடந்தது.

“ஆபீஸ்ல கேட்டா தருவானுவளாடே?” என்றான்.

“சூதாடி ஜெயிச்சேன்னு போய்ச் சொல்லு. பில்லா தருவான், பிளைட்டுல ஏத்தி விட்டுருவான்” என்றேன்.

அந்தப் பணத்தை எடுக்க முடியாது, ஆட மட்டும் முடியும். கண்ணெதிரே திரையில் அது நின்றுகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல், நான் பக்கத்தில் இருக்க, அந்த இன்டர்நெட் கடையிலேயே உட்கார்ந்து ஆடினான். எல்லாம் போனது.

நான் அவனைத் திட்டவில்லை. வாங்கும்போது வாயைத் திறக்காத திருட்டுப்பயல்கள், கொடுக்கும்போது வீடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

கடைக்காரன் எட்டிப் பார்த்து, “பாய், இன்னும் ஏத்தணுமா?” என்றான். நான் அந்தக் கடைக்காரனின் நாற்காலியை எட்டி உதைத்தேன்.