பாதி ஆற்றில் திரும்பிய ஜங்கார்

டோல்கேட்டுக்குப் பக்கத்தில் நான் இப்போது குடியிருக்கிற வீட்டு வாசலில் நாள் முழுக்க ஹாரன் சத்தம்தான். லாரிக்காரன் அடிக்கிறான், பஸ்காரன் அடிக்கிறான், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் ஜங்கார் வடத்தைப் பிடிக்கிற மாதிரி கை தானாக மூடிக்கொள்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் ரப்பர் பந்து ஹாரனுக்குப் பழகிய கை இது. பந்தை அமுக்கினால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த வாத்துச் சத்தத்துக்காக ஒரு மனிதர் தன்னிடம் இருந்த ஒரே உறவை இழந்தார். அவரைப் பற்றி எழுதுகிறேன். இரக்கப்பட்டு எழுதவில்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். அவர் செத்து இத்தனை காலமாகியும் கோபம் தீரவில்லை.

காரையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கிற எங்கள் ஜங்காரை ராயபுரத்தில் ஒரு கொட்டகையில் கட்டினார்கள். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஓய்ந்துபோன பழைய படகுகள் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து, குறுக்கே தேக்கு உத்தரம் போட்டு, மேலே பலகை அடித்திருந்தார்கள். இரண்டு முனையிலும் கார் ஏறி இறங்கச் சாய்வுப் பலகை. எண்ணூர்க் கரையிலிருந்து காட்டுப்பள்ளிக் கரைவரை ஒரு வடம் கட்டியிருக்கும். அதைப் பிடித்து நாங்கள் நாலு பேர் இழுப்போம். இதை வரைந்தவர் காரின் எடையை மட்டும் மனதில் வைத்து வரைந்திருக்கிறார். கார் ஏறி நின்றால் ஜங்கார் அளவாக அமிழும், சாய்வுப் பலகை கரையில் ஒழுங்காகப் படியும். ஆட்கள் மட்டும் ஏறினால் அமிழாது. பலகை அந்தரத்தில் தொங்கும். இறங்குகிறவர்கள் சேற்றுத் தண்ணீரில் குதிக்க வேண்டும். மீன் கூடைக்காரிகள் தினமும் குதித்தார்கள். ஒரு படி அடித்துக் கொடுங்கள் என்று குத்தகைக்காரரிடம் கேட்டோம். "காருக்கு இன்னாத்துக்குய்யா படி?" என்றார்.

சட்டமும் அவர் வைத்ததுதான். கார் ஏறினால் வேறு ஆள் ஏறக்கூடாது, வர்ணம் கீறிவிடுமாம். ஆட்களை ஏற்றிப் புறப்பட்ட பிறகு கரையில் ஹாரன் கேட்டால், பாதி ஆறு தாண்டாத பட்சத்தில் திரும்பி வந்து ஆட்களை இறக்கிவிட்டுக் காரை ஏற்ற வேண்டும். பாதி எது என்று தெரிய வடத்தில் ஒரு சிவப்புத் துணி சுற்றியிருந்தது. தாண்டியாயிற்றா இல்லையா என்று சொல்கிற அதிகாரம் சாரங்கு ஒருவருக்குத்தான். ஜங்காரில் எங்களுக்கெல்லாம் தலைவர் அவர். அந்த அதிகாரத்தை அவர் ஏதோ ஹைகோர்ட்டு ஜட்ஜு வேலை மாதிரி பார்த்தார். துணியைக் கடக்கும்போது குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

அவருக்கு ஒரே மகள். பெண்டாட்டி போன பிறகு அவரே சோறாக்கிப் போட்டு வளர்த்த பெண். அக்கரையில் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்குக் கொடுத்தார். தாலி கட்டியது எண்ணூர்ப் பக்கம். சாயங்காலம் பெண்ணை அக்கரைக்கு அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் சொந்தப் படகோடு வந்திருந்தார்கள். "எங்க படகு கீது சம்பந்தி, அதுலயே போய்க்கிறோம்" என்றாள் மாப்பிள்ளையின் தாய். சாரங்கு விடவில்லை. "தொரைங்க போற ஜங்காரு இது. எம் பொண்ணு இதுலதான் போவா" என்றார். காலையிலேயே பலகையைக் கழுவி, கைப்பிடிக் கம்பிக்கு மாவிலை கட்டியிருந்தார். கார் நிற்கிற இடத்தில், சரியாக நடுவில், மகளை நிற்கவைத்தார். "நைனா, நான் இன்னா மோட்டாரா? நட்ட நடுவுல நிக்க வெக்கிறியே!" என்று அவள் சிரித்தாள். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வடத்தை இழுத்துக்கொண்டு போனோம். சிவப்புத் துணி என் கைக்கு வந்துவிட்டது. அப்போது பின்னால் அந்த வாத்துச் சத்தம்.

"தாண்டியாச்சு சாரங்கு!" என்று கத்தினேன். அவர் குனிந்தார், கண்ணை மூடினார், பார்த்தார். "முன்னாடி பக்கந்தான் தாண்டிச்சு. முழுசா தாண்டல. திருப்பு."

"யோவ், ஒம் பொண்ணுய்யா!" என்றேன். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நைனா, கண்ணாலப் பொண்ண பாதி ஆத்துல திருப்பாத நைனா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு நடைம்மா. வுட்டுட்டு வந்து இட்டுகினு போறேன்" என்றார். மாப்பிள்ளையின் தாய் சத்தமாகவே சொன்னாள்: "இவுங்க அப்பன் கைல இவ மதிப்பு இம்மாந்தான். இனிமே நாம இன்னாத்துக்கு மதிக்கணும்?"

திருப்பினோம். இழுத்த கை என்னுடையதும்தான். ஆனால் வாயால் சொன்னது அவர். கரையில் பலகை அந்தரத்தில் தொங்கியது. மகள் யார் கையையும் பிடிக்காமல் கல்யாணப் புடவையோடு சேற்றில் குதித்தாள். முழங்கால்வரை கறுப்பாகிவிட்டது. காரில் துரை இல்லை, எஜமானர் இல்லை. டிரைவர் மட்டும் இருந்தான். அக்கரையில் பறவை சுடப் போனவர்களுக்கு சோடா பாட்டில் கொண்டுபோகிறானாம். மாவிலையைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "கல்யாண கோஷ்டியா? போய்ட்டு வந்திருக்கலாமே சாரங்கு. எனக்கு இன்னா அவசரம்?"

அவள் மாப்பிள்ளை வீட்டுப் படகில் போனாள். அதற்குப் பிறகு ஜங்காரில் காலே வைக்கவில்லை. எண்ணூர்ச் சந்தைக்கு வரும்போதெல்லாம் மீன்காரர் படகில் எங்களைக் கடந்து போவாள், முகத்தைத் திருப்பாமல். இடுப்பில் ஒரு குழந்தை வந்தது, பிறகு இன்னொன்று. சாரங்கு குடிசையை விட்டுவிட்டு ஜங்காரிலேயே குடிவந்தார். தார் வாசனைக்கும் பெட்ரோல் வாசனைக்கும் நடுவில் ஒரு சட்டியை வைத்துப் பொங்கித் தின்றார். எங்களோடு உட்கார மாட்டார். அவள் போகிற படகு கண்ணுக்கு மறைகிறவரை பார்ப்பார், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி கம்பியைத் துடைப்பார். போய் ஒரு வார்த்தை பேசு என்று எத்தனையோ தடவை சொன்னேன். "எந்நேரம் கார் வருமோ, எறங்க முடியாதே" என்பார். அந்த வாயில் குத்தவேண்டும் போலிருக்கும்.

பிறகு ஒரு கோடையில் மணல் வந்து முகத்துவாரத்தை மூடியது. கடல் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. ஜங்கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. குத்தகைக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போனார், கார்கள் வருவது நின்றது. நாங்கள் சாத்தாங்காட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போனோம். சாரங்கு மட்டும் தரைதட்டிய ஜங்காரிலேயே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய், "தண்ணி மொழங்காலுக்குக் கீழதான் கீது, நடய்யா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்தார். விட்டால் திரும்பிவிடுவார் என்று கூடவே போனேன்.

மகள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா, இன்னிக்கி காரு எதுவும் வரலியா?"

"இனிமே வராதும்மா" என்றார்.

"ஓ. அதான் வந்துகீறியா."

வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சோறு எடுத்துவந்து திண்ணையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தட்டு வைத்தாள். எனக்கு எவ்வளவு சோறோ அவருக்கும் அவ்வளவு. என்னை எப்படிப் பார்த்தாளோ அப்படியே அவரையும் பார்த்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு இவர் யார் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. அவர் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

திரும்பி வரும்போது ஆறு நெடுக அவர் ஏதாவது சொல்லமாட்டாரா, அழமாட்டாரா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். இந்தக் கரைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கொழம்புல உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சேற்றில் சாய்ந்து கிடந்த ஜங்காரைப் பார்த்து நடந்து போனார்.