செவ்வந்தியைப் பிடுங்கிய கை

இகெபானா வகுப்பின் முதல் நாளில் எனக்குக் கோபம்தான் வந்தது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி, தன் பங்களா வராந்தாவில் சனிக்கிழமைதோறும் நடத்திய வகுப்பு அது. நான் பக்கத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஜப்பான்காரர்கள் பூ வைக்கும் முறை என்றார்களே என்று ஆசையாகப் போனால், அங்கே பூவையே காணோம். தட்டையான ஒரு கிண்ணம், அதில் மூன்று கொம்புகள். நெட்டையானது வானம், நடுத்தரமானது மனிதன், குட்டையானது மண். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிற இடம். அந்தச் சும்மா இடத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். தலை நிறையப் பூவும் சாமி படம் மறைய மாலையுமாக வளர்ந்தவள் நான். இதென்ன கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

கொம்பு நிற்பதற்கு அடியில் ஒரு முள்தட்டு வேண்டும். கனமான தட்டில் ஊசி ஊசியாக நிற்கும். காம்பை அதில் குத்தி நிறுத்துவார்கள். மற்ற பெண்களிடம் டெல்லியில் வாங்கியது இருந்தது. என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் படம் போட்டுக் காட்டியதும் ஈயத்தை உருக்கி ஊற்றி, பித்தளை ஆணிகளைத் தலைகீழாக நட்டு ஒன்று செய்து கொடுத்தார். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் டெல்லித் தட்டில் சாய்ந்த கொம்பெல்லாம் இதில் அசையாமல் நின்றது.

செய்து கொடுத்ததோடு விட்டிருக்கலாம். வேலை முடிந்து வந்து, கால் கழுவுவதற்கு முன்னால் கிண்ணத்தின் முன் நிற்பார். ஒரு காம்பை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "இது சாஸ்தி, புள்ள" என்பார். ஜாஸ்தி என்பது அவர் வாயில் சாஸ்திதான்.

"வகுப்புக்குப் போறது நானுங்களா, நீங்களா?" என்று பாய்வேன்.

காம்பை என்னிடமே நீட்டிவிட்டுப் போய்விடுவார். நான் வீம்புக்குத் திரும்பக் குத்தி வைப்பேன். அவர் தலை மறைந்ததும் தள்ளி நின்று பார்த்தால், அந்தக் காம்பு வேண்டாததாகத்தான் இருக்கும். அந்த மனிதரிடம் எனக்கிருந்த பெரிய எரிச்சலே அதுதான்.

அவர் ரிட்டயர் ஆன மறு வருஷம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. கோயமுத்தூரில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இடது கைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அதுவும் போர்வைமேல் சும்மாதான் கிடந்தது. கண் திறந்திருக்கும், யாரைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. எனக்கு அவர் நடக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். உள்ளே அவர் இருக்கிறாரா, நான் யாரென்று தெரிகிறதா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருடைய இடது கைப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுக் கிண்ணத்தை வைத்தேன். தோட்டத்துப் பேரிக்காய் மரத்திலிருந்து ஒரு கொம்பு, ஓடையோரத்து வெள்ளை லில்லி ஒன்று, கொஞ்சம் பெரணி இலை. வாடினால் மாற்றுவேன். குன்னூர் மழையில் வீடே ஈரத்தில் நாறிக்கொண்டிருந்த மாதங்களில்கூட நிறுத்தவில்லை.

அவருடைய அக்கா, எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல் என் நங்கையா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தார். வந்ததும் கண்ணில் பட்டது அந்தக் கிண்ணம்தான்.

"ஏன் அம்மிணி, சீக்குக்காரன் பக்கத்துல இப்படி மொட்டைக் குச்சியை வெச்சிருக்கறே? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? பூவுன்னா நெறைஞ்சு இருக்கோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள், சாமிக்கென்று கொண்டுவந்திருந்த பையைப் பிரித்து, மஞ்சள் செவ்வந்தியைக் காம்போடு காம்பாகக் கிண்ணத்தில் திணித்தார். வானம், மண் எல்லாம் மறைந்து ஒரே மஞ்சள். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு காபி போடத் திரும்பினேன்.

அப்போதுதான் படுத்திருந்தவரின் இடது கை எழுந்தது. மெதுவாக ஸ்டூலுக்குப் போய் ஒரு செவ்வந்தியைப் பிடுங்கியது. போர்வைமேல் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பிடுங்கியது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிச் செவ்வந்தியும் வந்து, கொம்பும் லில்லியும் இலையும் மட்டும் மிஞ்சியபோது, என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சாஸ்தின்னு சொல்றாருங்க நங்கையா. எப்பவும் இப்படித்தான் எடுப்பாருங்க" என்றேன்.

நங்கையா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, அது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் முகமே மாறியிருந்தது.

மறுநாள் மார்க்கெட்டில் நானே செவ்வந்தி வாங்கி வந்து திணித்தேன். கை எழுந்தது. செவ்வந்திகள் வந்தன. இந்தமுறை நான் கையைப் பிடிக்கவில்லை. அடுத்து லில்லி வந்தது. பிறகு இலை, பிறகு கொம்பு. கிண்ணத்தில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் அந்தக் கை ஓயவில்லை. தண்ணீருக்குள் துழாவி முள்தட்டின் ஆணிகளையே பிடுங்கப் பார்த்தது. விரல் நுனியில் ரத்தம் வந்தது. நான் கையைத் துடைத்து மருந்து போட்டபோதும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நான் விடவில்லை. வேண்டாதது ஒன்றுகூட இல்லாமல், வகுப்பில் பரிசு கொடுத்திருப்பார்கள், அவ்வளவு சரியாக ஒன்று வைத்தேன். அதையும் பிடுங்கினார். கொத்தமல்லிக் கட்டை வைத்தேன், அதையும் பிடுங்கினார். போர்வையின் நூலை, என் வளையலை, தலையணை உறையை, எது கைக்கு அகப்பட்டாலும் ஒன்றுதான்.

வழக்கமாகப் பார்க்க வரும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மூளையில அடிபட்ட சிலருக்கு அப்படி ஆகுமுங்க. கையில பட்டதைப் பிடுங்கும். அவரு நெனச்சுச் செய்யறதில்லீங்க" என்றார்.

"கொஞ்சம்கூட நெனைக்கமாட்டாருங்களா?"

அவர் பையை மூடினார். "எதிர்பாக்க வேண்டாமுங்க."

செத்துப்போயிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா போன பிறகு கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஊட்டினேன். அந்தக் கண்ணைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நங்கையா வந்தார். இரண்டு பை நிறையச் செவ்வந்தி. செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி, பூக் கொண்டாந்திருக்கறன், எது சாஸ்தின்னு சொல்லு பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டு வந்தார். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு, முழங்கால் வலியோடு படியேறி வந்தவரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாசலுக்குப் போனேன். பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

நங்கையா திணித்தார். கை எழுந்தது. ஒவ்வொன்றாகச் செவ்வந்திகள் போர்வைமேல் விழுந்தன.

"பாத்தியா அம்மிணி, தம்பிக்கு எல்லாம் தெரியுது" என்று கண்ணைத் துடைத்தார் நங்கையா.

"ஆமாங்க" என்றேன். கை லில்லிப் பக்கம் திரும்புவதற்குள், தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.