தேரோட்டியின் பின்னல்

மும்பை மாட்டுங்காவில் வைத்தீஸ்வரனிடம் எதைக் காட்டினாலும் அர்த்தம் சொல்லுவார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பாதவர், ரிட்டையரானதும் புராணம் மொத்தத்தையும் நம்பத் தொடங்கினார். தமக்குத் தாமே பரிசாக ஓர் ஓவியம் வாங்கி ஹாலில் மாட்டினார். பாயும் தேர், வில்லோடு ஒருவன், பின்னால் வாளும் வேலுமாய்த் துரத்தும் கூட்டம்.

மனைவி விஜயலக்ஷ்மி பார்த்ததுமே பரணைக் காட்டினாள். பாரதப் போர்ப் படம் மாட்டினால் வீட்டில் சண்டை வரும் என்பது அவள் கட்சி. இது போரே இல்லை, சுபத்திரை அர்ஜுனனோடு போகிற காட்சி, தேர் ஓட்டுவதே அவள்தான் என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டு நிரூபித்தார். படம் தங்கியது.

ஜெயித்ததுதான் வம்பாயிற்று. மகள் ஷ்ருதியைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து ஞாயிறன்று வருகிறார்கள்.

“ஏன்னா, வரவா உட்கார்ற சோபாவுக்கு நேரே பொண்ணு ஓடிப்போற படமா?”

காதல் கல்யாணங்களைப் பற்றிப் பார்க்கில் தினமும் வருத்தப்படுகிறவர், படத்தைக் கழற்ற மட்டும் மாட்டேன் என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு: யாராவது கேட்டால் கீதோபதேசம் என்று சொல்லிவிட வேண்டும். சொதப்பினால் படம் பரணுக்கு.

பிள்ளை சாய்நாத்தின் அம்மா சாதனா, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். என்ன காட்சி என்று கேட்டாள். வைத்தீஸ்வரன் கீதையின் முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார்.

“பார்த்தசாரதிக்கு எதுக்கு மாமா இவ்வளவு நீளப் பின்னல்?” என்றான் சாய்நாத்.

வைத்தீஸ்வரன் பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

“அது சுபத்திரை,” என்றாள் ஷ்ருதி. “அப்பா எங்ககிட்ட அப்படித்தான் சொன்னா.”

சாதனா சிரித்துவிட்டாள். “நானும் இவரும் வீட்டுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கப் போனப்போ, ஸ்கூட்டர் ஓட்டினது நான்தான். எங்கண்ணா சயான் வரைக்கும் துரத்திண்டு வந்தான். இவருக்கு லைசென்ஸ் கிடையாது.”

இப்பவும் கிடையாது என்றார் அவள் கணவர், சற்றுப் பெருமையோடு.

சாய்நாத்துக்கும் ஷ்ருதிக்கும் பிடித்துப்போயிற்று. சீர் எதுவும் வேண்டாம் என்ற சாதனா, வாய்விட்டுக் கேட்டது அந்தப் படத்தை மட்டும்தான். இப்போது அது செம்பூரில் தொங்குகிறது. வாரா வாரம் வைத்தீஸ்வரன் போய் அர்த்தம் சொல்கிறார். ஸ்கூட்டர் ஓட்டிய அனுபவத்தில் சாதனா திருத்துகிறாள்.

விஜயலக்ஷ்மிக்குத்தான் ஹால் சுவர் வெறிச்சென்று இருக்கிறதாம்.