சித்தியின் மொபெட் மேடு ஏறியது

பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் மிஷினைக் கிளப்பினால் போதும், பெட்ரோலோடு எண்ணெய் கருகுகிற அந்தப் புகை, மூடுபனிக்குள் மேலே போக வழியில்லாமல், தரையோடு தவழ்ந்து என் சமையலறைக்குள் வந்துவிடும். அடுப்பில் பாலை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை புகையை இழுத்து இழுத்து மோந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, மிஷின்காரர் ஒருநாள், "நெஞ்சுக்கு ஆகாதுங்க" என்றார். ஆகும்ங்க என்று சொல்ல நினைத்தேன். அந்தப் புகையில்தான் எனக்குச் சித்தி வருகிறாள்.

சவரிக்காட்டுக்கு மேலே, பழனிக்கு இறங்கும் மலைச்சாலையை ஒட்டி எங்கள் வீடு. காப்பி, வாழை, கொஞ்சம் மிளகு. அம்மாவின் தங்கையான சித்தி கல்யாணத்துக்கு முன் எங்களோடு இருந்துதான் பால்வாடி வேலைக்குப் போய்வந்தாள், ஒரு மொபெட்டில். சைக்கிள் மாதிரிப் பெடல் வைத்த, மிதித்துக் கிளப்புகிற வண்டி. மலைவாழைக் குலை எடுக்க வந்த பழனிப் பஞ்சாமிர்தக் கடைக்காரர், அவள் வளைவில் சாய்ந்து திரும்புகிற அழகைப் பார்த்துத்தான் பெண் கேட்டார் என்பாள் அம்மா. கட்டிக்கொண்டு போனபின், கோயில் தெருவில் மருமகள் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதா என்றிருக்கிறார் அவருடைய அம்மா. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தகராறு. வண்டி மலைக்குத் திரும்பி வந்து கொட்டகையில் காப்பிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் சித்தியும் வந்து சேர்ந்தாள். பழனி வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

சித்தப்பா கூப்பிட வந்தபோது அவள் காப்பிக்களத்தில் பழத்தைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் எதிரிலேயே நிற்க, என்னிடம் சொன்னாள்: "அந்த வண்டிய ஓட வச்சாருன்னா அதுலயே வாரேன்னு சொல்லு."

நான் திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அதன்பிறகு வீட்டில் இரண்டு ஊர்கள், நடுவில் நான் ஒரு பஸ். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார். கார்புரேட்டரை ஊதி ஊதிக் கன்னம் வீங்கினார். பெட்ரோலில் எண்ணெய் கலக்கும்போது, பஞ்சாமிர்தத்துக்கு நெய் விடுகிற பழக்கத்தில், கரண்டி நுனியால் சொட்டுச் சொட்டாக விட்டார். சமையலறை ஜன்னலிலிருந்து உடனே செய்தி வந்தது: "அது பிரசாதமில்லையாம், நல்லாக் குலுக்கி ஊத்தணுமாம்." அவர் குலுக்கினார். "வேற என்ன சொன்னா பாப்பா?" என்று ஆசையாகக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை என்றால் முகம் வாடிவிடும் என்பதால், "சாப்பிட வரச் சொல்லுச்சு" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் வண்டி தயார் என்றார். சாலையில் நிறுத்தி, ஏறி, காலைத் தூக்கினார். வண்டி ஓடியது. சங்கிலி கடகடவென்றது, வேட்டி காற்றில் விரிந்தது, கையை வேறு ஆட்டினார். வளைவில் மறைந்தே போனார். நான் கைதட்டினேன். அப்பாதான், "சகலை வண்டியில பொகையே காணோமே" என்றார்.

வெகுநேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு மேலேறி வந்தார். "நல்லாத்தான் ஓடுச்சு. நடுவுல நின்னு போச்சு" என்றார். சமவெளிக்காரர் பாவம், மலை உருட்டிவிட்டதை இன்ஜின் என்று நம்பியிருக்கிறார்.

"எறக்கத்துல ஒரலக்கூட உருட்டிவிட்டா ஓடும். மேட்டுல ஏறி வரச் சொல்லு" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அதோடு ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து, முடியாமல் பாத்திரங்களுக்கிடையில் சிதறிய சிரிப்பு. துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் வெள்ளனே சித்தி என்னை எழுப்பினாள். "சைலன்ஸர்ல கொளவி கூடு கட்டிக் கெடக்குன்னு போய்ச் சொல்லு."

"ஒனக்கு எப்படித் தெரியும் சித்தி?"

"அரிசி களையுறப்பப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். மண்ணு மண்ணாக் கொண்டு போவுது."

"அப்ப மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"வெரசாப் போ" என்றாள்.

கம்பியை விட்டுத் துழாவ, காய்ந்த மண் குழல் குழலாக உதிர்ந்தது. சித்தப்பா மிதித்தார். வண்டி இருமியது, செருமியது, பிறகு நீலமாக ஒரு புகையைக் கக்கிவிட்டு ஓயாமல் பேசத் தொடங்கியது. கோழிகள் சிதறின. சாலை மேட்டில் ஏறிப்போய்த் திரும்பி வந்து, எங்கள் வாசலில் நிறுத்தினார். சித்தி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு பையோடு வந்தாள்.

அவர் சீட்டில் உட்கார்ந்தபடி, பின்னால் இருந்த கேரியரைத் துடைத்துவிட்டார். சித்தி ஏறவில்லை. பையை அம்மா கையில் கொடுப்பதும் திரும்ப வாங்குவதுமாக நின்றாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வீணாகிறதே என்று எனக்கு ஒரே தவிப்பு. சித்தப்பா அவளைப் பார்த்தார், கீழே போகிற சாலையைப் பார்த்தார், கடைசியில் இறங்கிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அம்மா எதற்கு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

சித்தி ஹாண்டில்பாரைப் பிடித்தாள். திரும்பாமல், அத்தனை நாளில் முதல்முறையாக அவரிடமே கேட்டாள்: "அடிவாரம் வந்ததும் நீங்க ஓட்டுறீங்களா?"

"வேணாம். வீட்டு வாசல் வரைக்கும் நீயே ஓட்டு."