வயலில் விட்ட படகில் என் மகள் பிறந்தாள்

திருவந்திபுரத்துப் பெருமாளை நம்பி வாழும் எல்லோருக்கும் இந்தக் கடற்கரைக்காரனின் வணக்கம். எனக்குக் கோர்வையாகப் பேசத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் கடலூர் பக்கத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். எங்கள் கல்யாணம் அந்தத் தேவநாத சுவாமி சன்னதியில் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை என் மனைவி பவானிக்குக் கரு தங்கவில்லை. மூன்றாம் முறை தங்கியபோது சத்தமாகச் சந்தோஷப்படக்கூட எங்களுக்குப் பயம். வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையோரம், வயலும் இறால் பண்ணையும் சூழ்ந்த சின்ன ஊர் அது. மாமனாருக்குப் பண்ணையில் காவல் வேலை.

அது ஐப்பசிக் கடைசி. அடைமழை. கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். காலையில் மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலயே நிக்குதாம். உள்ள வர வழியில்லன்றாங்க!"

பவானிக்கு எட்டாம் மாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. போனைப் பிடித்தபடி நின்றேன். என் படகில் கூட வரும் சேகர், என் அத்தை மகன், விஷயத்தைக் கேட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"வண்டி போவலன்னா என்னா மச்சான்? நம்ம படகு போவும். கெளம்பு!"

குப்பத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சின்ன ஃபைபர் படகை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கட்டினோம். நான் பின்னால் படகுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். மழை முகத்தில் அறைந்தது. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே பார்த்தேன். மரங்களைப் புரட்டிக்கொண்டு ஆறு போனது. அங்கேதான் உடைந்து அழுதேன். "பெருமாளே, மாசி மகத்துக்கு நீ எங்க கடலுக்கு வர்ற. இன்னிக்கு இந்தத் தண்ணிக்கு வா. ரெண்டு உசுரையும் கரையேத்து" என்று கத்தினேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் ஒரு நர்ஸ் இருந்தார். லால்பேட்டைக்காரர், பெயர் பாத்திமா. நாங்கள் படகை இறக்குவதைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் சேகர்.

"தெரியாதுப்பா. நீங்க இருக்கீங்கல்ல" என்றவர், "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிப் படகில் கால் வைத்தார்.

தண்ணீருக்கு அடியில் வேலிக் கம்பி இருந்ததால் இன்ஜினை இறக்க முடியவில்லை. கழி ஊன்றித் தள்ளினோம். எது வரப்பு, எது வாய்க்கால் என்று தெரியவில்லை. கடலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வயல் தண்ணீர் பயமாக இருந்தது.

மாமனார் வீட்டை எட்டியதும் பவானியைக் கட்டிலோடு தூக்கிப் படகில் வைத்தோம். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னாள். பாதி வழிகூட வரவில்லை. "இனிமே தாங்காது, நிறுத்துங்க" என்றார் பாத்திமா அக்கா. நான் கழுத்தளவு தண்ணீரில் குதித்துப் படகை ஒரு கருவேல மரத்தில் கட்டினேன். முள் கையைக் கிழித்தது அப்போது தெரியவில்லை. சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தார்ப்பாயைக் குடை மாதிரி தூக்கிப் பிடித்தான்.

குழந்தை பிறந்தது. சத்தம் இல்லை.

அக்கா அதன் வாயைத் துடைத்தார். முதுகைத் தேய்த்தார். பையிலிருந்த, காற்று ஊதும் சின்னப் பம்பை மூக்கு, வாய்மேல் வைத்து அழுத்தினார். கை வேலை செய்ய, உதடு "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்றது. நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு "தேவநாதா, தேவநாதா" என்றேன். பவானி, "ஏன் அழல? ஏன் அழல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதலில் ஒரு தும்மல். சின்னத் தும்மல். பிறகுதான் அழுகை. "பொண்ணு!" என்று சிரித்த பாத்திமா அக்கா, அடுத்த நொடி தானும் அழுதுவிட்டார்.

படகை மெயின் ரோட்டுக்குத் தள்ளி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் போனோம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சூடான கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எடை குறைவு. நானும் பவானியும் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே இருந்தோம். ஒரு நாள் டாக்டர் அம்மா, "தானா பால் குடிக்குது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டேன்.

திருவந்திபுரத்தில் பெருமாளோடு இருக்கும் தாயாரின் பெயரை நினைத்து அவளுக்கு அம்புஜா என்று பெயர் வைத்தோம். சன்னதியில் பெயர் சொன்ன அன்று பாத்திமா அக்கா வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். வெளியே வந்ததும் குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்தோம்.

சிலர் என்னிடம், "காப்பாத்துனது நர்ஸு. இதுல சாமி எங்க வந்தாரு?" என்று கேட்கிறார்கள். நான் சண்டை போடுவதில்லை. நீச்சல் தெரியாத ஒரு பெண், முன்பின் தெரியாதவர்களின் படகில், வெள்ளத்தில் ஏறினார். அந்தத் துணிச்சலை யார் கொடுத்தது? அதைத்தான் நான் பாலத்தின்மேல் கேட்டேன். எனக்குக் கிடைத்தது.

இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தால் எங்கள் குப்பத்தில் ஒரு படகைத் தனியாக ஒதுக்கிவைக்கிறோம். தாழ்வான ஊர்களில் பிள்ளைத்தாய்ச்சி யார் இருக்கிறார்கள் என்று நானும் சேகரும் முன்கூட்டியே கேட்டுவைக்கிறோம். போன மழையில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவளுக்கு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம்.

உங்களில் யாராவது இன்று வழி தெரியாமல் நிற்கலாம். அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பெருமாளைக் கத்திக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே கழியை ஊன்றித் தள்ளுங்கள். அவன் எந்த ரூபத்தில் வந்து படகில் ஏறுவான் என்று நமக்குத் தெரியாது.

அம்புஜா இப்போது நடக்கிறாள். தண்ணீரைக் கண்டால் ஓடிப்போய் இறங்குகிறாள். பெருமாளுக்கும் தாயாருக்கும் நன்றி. எங்கள் பாத்திமா அக்காவுக்கும்.